மாமியார் வீட்டுக்கு அனுப்பிய மலைகள்

என் மனைவியைப் பிரசவத்துக்கு ஊருக்கு அனுப்பிய பிறகுதான் எனக்குப் படம் பிடிக்கும் பைத்தியம் பிடித்தது. தனியாக இருக்கும் ஆண்பிள்ளைக்கு என்னென்னவோ கெட்ட பழக்கம் வரும் என்பார்கள். எனக்கு இது வந்தது. சீட்டாட்டமாக இருந்திருந்தால் நாலு சுவருக்குள் முடிந்திருக்கும். இது என்னை அக்கரப்பத்தனையின் எல்லாக் கானிலும் ஒரு தடவையாவது விழவைத்தது. கான் என்றால் மழைத் தண்ணீர் ஓடுவதற்காகத் தேயிலை மலையில் வெட்டியிருக்கும் வாய்க்கால். பார்த்தால் ஒன்றும் தெரியாது, விழுந்தால் இடுப்பு வரை நனையும்.

முப்பதுகளில் நடந்தது இது. அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நான் சின்னக் கிளாக்கர். எனக்கு அப்பா அம்மா இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. கல்யாணத்தில் பெண் வீட்டுப் பக்கம் நூறு பேர் என்றால் என் பக்கம் நாலு பேர் நின்றார்கள், அதிலும் ஒருவர் சமையல்காரர். மனைவிக்கு ஊர் முசிறிப் பக்கம். ஏழாம் மாதம் அவளுடைய அண்ணன் கப்பலேறி வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார். பெண் குழந்தை பிறந்ததாகக் கடிதம் வந்தது. ஆபீசில் எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்தேன். குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும் அந்த அண்ணனே திரும்பக் கொண்டுவந்து விடுவார் என்று நானாக ஒரு கணக்குப் போட்டு, தொட்டில் கட்ட உத்தரத்தில் கொக்கியும் அடித்துவிட்டேன்.

மூன்று மாதம் ஆனது. மனைவி வரவில்லை, மாமனாரின் கடிதம்தான் வந்தது. "இவ்விடம் யாவரும் க்ஷேமம். குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கிறாள். அவ்விடம் குளிர் பிரதேசம், காடு, அட்டை உபத்திரவம் என்று கேள்வி. பச்சைக் குழந்தையை எப்படி அனுப்புவது என்று வீட்டில் விசாரப்படுகிறார்கள். தங்கள் யோசனை எப்படியோ தெரிவிக்கவும்."

எனக்கு வந்ததே கோபம்! காடாம்! நான் என்ன மரத்து மேலேயா குடியிருக்கிறேன்? ஓடு போட்ட குவாட்டர்ஸ், கண்ணாடி ஜன்னல், பின்னால் முட்டைக்கோஸ் பாத்தி. உடனே உட்கார்ந்து நாலு பக்கத்துக்குப் பதில் எழுதினேன். மலைகளின் அழகு, தண்ணீரின் சுத்தம், காற்றின் குணம் என்று வரிசையாக அடுக்கினேன். "தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் கையெழுத்து அழகாக இருப்பதாக எல்லோரும் சொல்கிறார்கள்" என்று பதில் வந்தது.

சொன்னால் நம்பாதவர்களுக்குக் காட்டித்தான் தீர வேண்டும். அந்த வாரம் பார்த்து எங்கள் பழைய துரை சீமைக்குப் புறப்பட்டார். துரைசாணியம்மாள் வீட்டுச் சாமான்களை விற்றபோது மற்றவர்கள் நாற்காலிக்கும் பீங்கானுக்கும் அடித்துக்கொண்டார்கள். நான் ஒரு கறுப்புக் கேமராப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தேன். பெரிய கிளாக்கர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

அந்தப் பெட்டியைக் கண்ணில் வைத்துப் பார்க்க முடியாது. வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மேலே உள்ள ஒரு சின்னக் கண்ணாடிச் சதுரத்துக்குள் குனிந்து பார்க்க வேண்டும். எதிரில் இருக்கும் மலை அதற்குள் தபால்தலை அளவுக்குத் தெரியும். அதுவும் இடம் வலம் மாறித் தெரியும். மரம் இடது ஓரமாகப் போகிறதே என்று நான் ஒரு பக்கம் நகர்ந்தால், கண்ணாடிக்குள் அது இன்னும் ஓரமாக ஓடும். சரி, இந்தப் பக்கம் போவோம் என்று குனிந்த தலை நிமிராமல் இரண்டடி வைப்பேன். அங்கே கான் இருக்கும். பெட்டியை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் தண்ணீருக்குள் உட்கார்ந்திருப்பதைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் பார்ப்பார்கள். "கிளாக்கரையாவுக்கு வயித்து வலி போல, பொட்டிய வச்சி அமுக்கிக்கிட்டே நடக்குறாரு" என்று ஒருத்தி சொன்னது என் காதிலேயே விழுந்தது.

ஒரு சுருளில் எட்டுப் படம். முதல் சுருளை ஹட்டன் கடைவீதியில் ஒரு ஸ்டூடியோவில் கழுவக் கொடுத்தேன். அந்த ஸ்டூடியோக்காரர் சிங்களவர், என் வயதுதான் இருக்கும். ஒளிவு மறைவு இல்லாத மனிதர். அவருக்குத் தெரிந்த தமிழில் பாராட்டு வார்த்தைகளே கிடையாது. எட்டுப் படத்தையும் மேஜைமேல் பரப்பினார். எட்டும் வெள்ளையாக இருந்தன.

"மாத்தயா, இது என்ன?" மாத்தயா என்றால் அவர் பாஷையில் ஐயா.

"மலை."

"மல எங்க? பனி மட்டும் தானே இருக்கு." ஒரு படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "ஆனா பனி நல்லா வந்திருக்கு."

அடுத்த சுருளில் ஓர் அருவி தேறியது. முதல் தடவையாக ஒன்று தெரிகிறதே என்ற சந்தோஷத்தில் வேறு எதையும் கவனிக்காமல் அன்றைக்கே தபாலில் போட்டுவிட்டேன். பெட்டியைச் சாய்த்துப் பிடித்திருக்கிறேன், அது எனக்குத் தெரியாது. மாமனார் எழுதினார்: "படம் வந்தது. அருவி செங்குத்தாக விழாமல் பக்கவாட்டில் விழுகிறதே, அவ்விடம் காற்று அவ்வளவு பலமா? குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வர முடியுமா என்று வீட்டில் கேட்கிறார்கள்."

தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு வைராக்கியம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் பெட்டியும் கையுமாகக் கிளம்பினேன். பெட்டியைக் கையில் பிடித்தால் ஆடுகிறது என்று கண்டு, பாறைமேல் வைத்துக் கீழே கூழாங்கல் செருகி மட்டம் பார்த்தேன். மலை நேரானது, ஆனால் உயிர் வரவில்லை. எந்தப் படத்தைப் பார்த்தாலும் கத்தரித்து ஒட்டிய காகிதம்போல் இருந்தது. வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்று பெட்டியோடு வந்த தாளில் போட்டிருந்ததை நான் வேதமாக எடுத்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது என்றும் நினைத்தேன். அதனால் உச்சி வெயிலுக்காகக் காத்திருந்து எடுப்பேன். தேயிலை மலை முழுவதும் ஒரே பச்சைப் பாய்தான். படத்தில் அந்தப் பச்சையும் இல்லை, பாய் மட்டும்தான் இருந்தது.

ஸ்டூடியோக்காரர் ஒரு நாள் என் படம் ஒன்றின் மேல்பாதியைத் தன் கட்டைவிரலால் மறைத்தார். "இப்ப பாருங்க." பார்த்தேன். மலை உயர்ந்துவிட்டது! அதுவரை நான் பாதிப் படத்துக்கு வெறும் வானத்தை வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். விரலை எடுத்தார், மலை குன்றிப் போனது. வைத்தார், எழுந்தது. "மாத்தயா வானத்துக்குத் தானே சல்லி செலவழிக்கிறது" என்றார். அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்கலாமா, கழுத்தைப் பிடிக்கலாமா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு கட்டைவிரலை நீட்டி எதையாவது மறைத்து மறைத்துப் பார்ப்பதே என் பழக்கமாகிவிட்டது. ஆபீசில் பெரிய கிளாக்கரையும் ஒருதரம் அப்படி மறைத்துப் பார்த்தேன். அறை நன்றாகத்தான் இருந்தது.

வெயில் விஷயம் தற்செயலாகத்தான் பிடிபட்டது. ஒரு ஞாயிறு ஹட்டனுக்குப் போக வேண்டி விடிந்தும் விடியாமலும் புறப்பட்டேன். சூரியன் அப்போதுதான் மேட்டுக்கு மேல் வந்தது. வெயில் முதுகுப் பக்கமும் இல்லை, தலைக்கு மேலும் இல்லை, பக்கத்திலிருந்து தாழ்வாக வந்து விழுந்தது. தினமும் பார்க்கிற அதே மலைதான். ஆனால் ஒவ்வொரு தேயிலைச் செடியும் தன் நிழலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தனித்தனியாக நின்றது. பள்ளம் பள்ளமாகத் தெரிந்தது, மேடு மேடாகத் தெரிந்தது. அடேங்கப்பா, நிழல்தான் ஐயா மலையைக் காட்டுகிறது! வெளிச்சத்தையே தேடிக்கொண்டிருந்த முட்டாளுக்கு நிழல் வேண்டும் என்று அதுவரை தோன்றவில்லை. ஹட்டன் போகும் யோசனையை விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பெட்டியை எடுத்துவந்தேன். அதற்குள் வெயில் ஏறிவிட்டது. வெயிலைப் பார்த்து நான் திட்டிய திட்டு இங்கே எழுதுகிற மாதிரி இல்லை.

அதிலிருந்து காத்திருக்கப் பழகினேன். எனக்குப் பொறுமை கொஞ்சமும் கிடையாது. சோறு வர இரண்டு நிமிஷம் தாமதமானால் தட்டைத் தட்டுகிற ஜாதி நான். அப்படிப்பட்டவன் பட்டிப்பொல ஸ்டேஷனில் இறங்கி, மேலே ஏறி, ஒரு பாறைமேல் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பனி விலகும், நான் குனிவதற்குள் மூடும். முன்னால் ஒரு வளைந்த காட்டுமரக் கிளை, அதற்குக் கீழே பள்ளத்தாக்கு, தூரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று மலை என்று படத்தை மனசுக்குள் கட்டி வைத்துவிட்டேன். சூரியனும் பனியும் ஒத்துழைத்தால் போதும். காலில் அட்டைகள் பந்தி போட்டு உட்கார்ந்து சாப்பிட்டன, நான் அசையவில்லை. கடைசியில் பனி விலகியது, பக்கத்து வெயில் பள்ளத்தாக்குக்குள் இறங்கியது. பெட்டியின் விசையை அழுத்தினேன். உடனே தெரிந்துவிட்டது, படம் விழுந்துவிட்டது என்று. எழுந்து நின்று மலையைப் பார்த்து நான் கும்பிட்டதைக் கண்டவர் யாருமில்லை.

ஸ்டூடியோக்காரர் அதை வெகு நேரம் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் கிடைக்காமல் அவர் பட்ட அவஸ்தையைப் பார்க்க எனக்கு ஆனந்தமாக இருந்தது.

முசிறிக்கு அனுப்பினேன். இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு யார் வரமாட்டேன் என்பார்கள்? தொட்டில் சேலையைத் துவைத்துக் காயப்போட்டேன். பதில் வந்தது: "படம் மிக நேர்த்தி. சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். ஊரார் வந்து பார்த்துப் போகிறார்கள். ஆனால் எங்கும் ஒரு மனுஷர் கண்ணில் படவில்லையே. பட்டப்பகலில் இப்படி என்றால் குழந்தைக்கு ஒரு அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது? புலி உண்டா என்று வீட்டில் கேட்கிறார்கள்."

புலி! நான் கஷ்டப்பட்டு ஒதுக்கி ஒதுக்கித்தான் மனிதர்களை வெளியே தள்ளியிருந்தேன். வேலி வேண்டாம், ஆட்கள் குடியிருக்கும் லயத்துக் கூரை வேண்டாம், கம்பளி உலரும் கயிறு வேண்டாம் என்று கட்டைவிரலால் மறைத்து மறைத்துச் சுத்தமாக்கிய படம் அது. சரி, மனுஷர் வேண்டும், அவ்வளவுதானே?

என் திட்டம் சின்னதுதான். காலை வெயில், தேயிலைச் சரிவு. ஒரே ஒரு பெண், கூடையோடு, தூரத்தில், முகம் கூடத் தெரிய வேண்டாம். மலை எவ்வளவு பெரியது என்று காட்டவும் ஆயிற்று, ஆள் இருப்பதைக் காட்டவும் ஆயிற்று. துரையிடம் அரை மணி நேரம் கேட்டுக்கொண்டு கொழுந்து மலைக்குப் போனேன். யாரிடமும் எதுவும் சொல்லாமல் பாதையில் நின்று குனிந்தேன். பெட்டியின் முதுகில் ஒரு சிவப்புக் கண்ணாடி உண்டு, அதில் எத்தனையாவது படம் என்று எண் வரும். அதைப் பார்த்து வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதுதான் நான் செய்த தப்பு. தோட்டத்தில் பெரட்டு என்று ஒன்று உண்டு. காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தித் தலை எண்ணிப் பேர் போடுவது. ஆபீஸ்காரன் ஒருவன் எதிரில் வந்து நின்று, குனிந்து, வாயை அசைத்தால் அந்த மலையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கங்காணி என்னைப் பார்த்துவிட்டார்.

"ஐயா மலப் பெரட்டுக்கு வந்திருக்காங்க! எல்லாம் வரிசைக்கு வாங்கம்மா, சுருக்கா வாங்க!"

நான் நிமிர்ந்து பார்த்தபோது நாற்பது பேர் வரிசை கட்டியாயிற்று.

"எண்ண வரலப்பா!" என்று கத்தினேன். "படம் எடுக்க வந்தேன்! வேலையப் பாருங்க!"

இதைச் சொல்லியிருக்கவே கூடாது. படம் என்றதும் வரிசை இன்னும் விறைத்தது. கங்காணி கோட்டுப் பொத்தானைப் போட்டு, தலைப்பாகையைச் சரிசெய்து, கம்பை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்து நின்றார். பின்வரிசைக்காரர்கள் முன்வரிசைக்காரர்களை இடித்தார்கள்.

முன்வரிசையில் நின்ற ஒரு பெண் கேட்டாள்: "ஐயா, காலு விழுமுங்களா? காலு இல்லாம எடுத்துறாதீங்க. ஊருக்கு அனுப்புனா, மலையில விழுந்து காலு போச்சுன்னு அழுவாங்க."

"எனக்கு யாருமே வேண்டாம்மா, ஒரே ஒரு ஆள் போதும், அதுவும் திரும்பி நின்னா போதும்!"

"திரும்பி நிக்கவா எண்ணெ வச்சி சீவிக்கிட்டு வந்தோம்?" என்றாள் அவள். மலையே சிரித்தது.

என்ன செய்வது, எடுத்தேன். கால்களோடு எடுத்தேன். சும்மா சொல்லக்கூடாது, காலை வெயில் பக்கத்திலிருந்து நாற்பது முகத்திலும் விழுந்திருந்தது. ஒருவர் நிழல் இன்னொருவர் மேல் விழாமல் ஒவ்வொரு முகமும் தனித்தனியாக நின்றது. நான் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம் என்று எனக்குப் பட்டது. நாற்பது பேருக்கும் அதைக் காட்டினேன், பிறகுதான் அனுப்பினேன்.

மாமனார் எழுதினார்: "ஆட்களை வரிசையாக நிறுத்திக் கம்போடு ஒருவர் காவல் நிற்கிறார். மாப்பிள்ளைக்குச் சிறைச்சாலையில் உத்தியோகமா, எங்களிடம் மறைத்துவிட்டீர்களா என்று வீட்டில் அழுகிறார்கள்."

படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றது. ஆபீஸ் ஜன்னல் வழியாக எத்தனையோ வருஷமாக அந்த வரிசையைப் பார்க்கிறேன். தோட்டத்தை முன்பின் பார்த்திராத என் மாமியாருக்கு ஒரே பார்வையில் தோன்றியது எனக்குத் தோன்றியதே இல்லை. குழந்தைக்கு அப்போது எட்டு மாதம். இனி அவர்கள் வரவே போவதில்லை என்று முதல் முறையாக நினைத்தேன், பயமாக இருந்தது.

அந்தக் கடிதத்தோடு என் மனைவி ஒரு படம் அனுப்பியிருந்தாள். திருச்சியில் ஏதோ ஸ்டூடியோவில் எடுத்தது. மடியில் குழந்தையை வைத்து உட்கார்ந்திருந்தாள். பின்னால் திரையில் வரைந்த மலையும் அருவியும்! ஐந்து மாதம் அட்டைக்கு ரத்தம் கொடுத்து நான் நிஜ மலையை அனுப்பினால், எனக்குத் துணி மலை திரும்பி வருகிறது. வெளிச்சம் நேருக்கு நேர், முகம் தோசைபோல் தட்டையாக விழுந்திருந்தது. திரையில் இருந்த ஒரு மரம் அவள் தலையிலிருந்து முளைத்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, எடுக்கிற நேரத்தில் குழந்தை தலையை ஆட்டிவிட்டாள். சட்டை தெரிந்தது, வளையல் தெரிந்தது, பத்து விரலும் தெரிந்தன. முகம் இருக்கிற இடத்தில் வெறும் கலங்கல்.

எட்டு மாதம் ஆகியும் என் மகளின் முகத்தை நான் பார்த்ததில்லை. படத்தைக் கிட்ட வைத்தேன், தள்ளி வைத்தேன், ஜன்னலோரம் கொண்டுபோய் வெயிலைப் பக்கத்திலிருந்து விழவைத்துப் பார்த்தேன். ஒரு கண் மாதிரி ஏதோ தெரிந்தது, அது உதடாகவும் இருக்கலாம். எனக்கு அழுகையாக வந்தது. அழுகை வந்தால் எனக்கு உடனே கோபம் வரும். எவன் எடுத்தான் இதை? குழந்தையைக் கூப்பிட்டுத் தன் பக்கம் பார்க்க வைக்கத் தெரியாதவனுக்கு ஸ்டூடியோ எதற்கு? நானே போய் ஒழுங்காக ஒரு படம் எடுக்காவிட்டால் நான் மனுஷனே இல்லை என்று எழுந்தேன்.

துரையிடம் போய் நின்றேன். மகளைப் படம் எடுக்க இருபது நாள் லீவு வேண்டும் என்றேன். "அருவி, மலையெல்லாம் தீர்ந்து போயிற்றா?" என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ரயில், கப்பல், மறுபடி ரயில், கடைசியில் மாட்டுவண்டி. மூன்றாம் நாள் காலையில் மாமனார் வீட்டு வாசலில் இறங்கினேன். உடம்பெல்லாம் கரித்தூள், வயிற்றோடு கறுப்புப் பெட்டி. மாமனார் மேல்துண்டைக் கூட எடுக்காமல் ஓடி வந்தார். என் மாமியார் என் முன்னால் வந்து பேசுகிற வழக்கமில்லை. எதுவானாலும் கதவுக்குப் பின்னால் நின்று மாமனாரிடம் சொல்வார், அவர் என்னிடம் சொல்வார். இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும், ஆனாலும் அப்படித்தான்.

நான் திண்டாடித் திண்டாடி ஆரம்பித்தேன். "அந்தக் கடைசிப் படத்தைப் பார்த்துத் தப்பா நெனச்சிட்டீங்க. அது ஜெயில் இல்லீங்க. குளிரும் நீங்க நெனைக்கிற மாதிரி இல்ல. புலி ஒண்ணும்..."

கதவுக்குப் பின்னாலிருந்து மாமியார், மாமனாரை விட்டுவிட்டு, நேராக என்னிடமே பேசினார். கல்யாணமாகி அதுதான் முதல் தடவை.

"குளுரும் புலியும் கெடக்கட்டுங்க மாப்ள! புள்ள பெத்த பொண்ணப் புருசன் வீட்டுலேர்ந்து ஆளு வந்து கூப்புடாம எந்த ஊருல அனுப்புவாங்க? தானா கொண்டு போயி விட்டா நாலு பேரு என்ன பேசுவாங்க? வந்து கூட்டிட்டுப் போங்கன்னு பொண்ணப் பெத்தவ எழுத முடியுமா? சாக்குச் சொல்லிச் சொல்லித் தள்ளுனோம். நீங்க வருவீங்க வருவீங்கன்னு பாத்தா, மல மலையா அனுப்பிக்கிட்டு இருக்கீங்களே!"

மாமனார் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் வீட்டில் அம்மா இருந்திருந்தால், ஓர் அக்கா இருந்திருந்தால், மூன்றாம் மாதமே மஞ்சளும் சேலையும் வாங்கிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். இது எனக்கு யாரும் சொல்லித்தந்த விஷயமில்லை. என் வீட்டில் நான் ஒருவன்தானே ஆள்.

அந்த நேரத்தில் என் மனைவி குழந்தையோடு முற்றத்துக்கு வந்தாள். காலை வெயில் கூரை விளிம்பிலிருந்து சாய்வாக இறங்கிக் குழந்தையின் ஒரு கன்னத்தில் விழுந்தது. மறு கன்னத்தில் மெல்லிய நிழல். பின்னால் வெறும் மண்சுவர், தலையில் முளைக்க மரம் எதுவும் இல்லை. ஐந்து மாதம் பாறைமேல் உட்கார்ந்து நான் கேட்டதெல்லாம் அந்த முற்றத்தில் சும்மா நின்றது. என் கை தானாகப் பெட்டிக்குப் போனது. குனிந்தேன். கண்ணாடிச் சதுரத்துக்குள் என் மகளின் முகம் தபால்தலை அளவுக்குத் தெரிந்தது. இடம் வலம் மாறி, கலங்காமல் தெரிந்தது.

"ஏங்க, இன்னும் எத்தன நாளைக்கி பொட்டிக்குள்ளயே பாப்பீங்க?" என்றாள் மனைவி. "கீழ வைங்க அத. புள்ளையத் தூக்குங்க."

பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கினேன். குழந்தை என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு தெருவே கேட்கும்படி அலறிக்கொண்டு, இரண்டு கையாலும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.